ஆபத்து என்கிற கட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். உன் நலத்தை உன் கையெழுத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாயாமல் நேராக நிற்கின்றன. உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கிற ஐயாவுக்கும் என் வணக்கம். போன கடிதத்தில் நான் எழுதிய மருந்தின் பெயரை மை பூசி அழித்துவிட்டீர்களாம். அது வெறும் இருமல் மருந்துதான் ஐயா.

உன் தையல் தொழில் திட்டம் வந்து சேர்ந்தது. எட்டுப் பக்கம்! பள்ளிக்கூடத்தில் அரைப் பக்கக் கட்டுரை என்றாலே வயிற்றுவலி வந்து படுத்துக்கொள்கிற ஆள் நீ. வேலைக்குப் போகிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எடுத்துப் போய், மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் இரண்டு தடவை படித்தேன். எங்கள் ஓனர் எட்டிப் பார்த்து, "யாரும்மா எழுதினது? நம்ம கடைக்கும் இப்படி ஒண்ணு எழுதித் தருவாரா?" என்று கேட்டார். தம்பி எழுதியது, வெளியூரில் படிக்கிறான் என்று சொல்லிவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. முழுக்கப் பொய்யும் இல்லை.

தொழில் தொடங்குவது எப்படி என்று ஜெயிலுக்குள் வந்து சொல்லித் தர ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்குப் புதிது. அந்த வகுப்பு எடுக்கிற அம்மா பெயின்ட் கடை வைத்திருப்பவர், கரும்பலகையில் எழுதும்போதுகூட விரலில் பச்சை ஒட்டியிருக்கும் என்று நீ எழுதியதை ரசித்தேன். கடைசி நாளில் வெளியே தொழில் செய்கிறவர்கள் வந்து உட்கார்ந்து உங்கள் திட்டங்களைக் கேட்பார்கள் என்கிறாய். அந்த நாளுக்கு உங்கள் ஆட்கள் 'ரெண்டாவது தீர்ப்பு' என்று பெயர் வைத்ததைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். கண்ணாடிக்கு அளவு பார்க்க வந்திருந்த பெரியவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று கோபித்துக்கொண்டார்.

வகுப்பில் எல்லோரும் உன்னை 'முதலாளி' என்று கூப்பிடுவதாகப் பெருமையாக எழுதியிருந்தாய். வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிடச் சொல்லேன். எதற்கு என்று நான் எழுத வேண்டாம்.

இடம் என்பதற்கு நேராக 'சொந்தக் கட்டடம், கீழ்த்தளம், தயாராக உள்ளது' என்று போட்டிருக்கிறாய். கீழ்த்தளத்தைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன். வீட்டை விற்றுவிட்டு நான் மேல்மாடிக்குக் குடிவந்த பிறகு இரண்டு தடவை வெள்ளையடித்தாகிவிட்டது. மழைக்காலம் வந்தால் கறுப்பு மறுபடி மேலே வருகிறது. பெயின்ட் அடிக்கிறவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். "புகை சுவத்துக்குள்ள போயிருச்சும்மா. நான் என்ன பண்ண?" என்று தூரிகையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். மெஷின்களைக் கழற்றி எடுத்த இடத்தில் தரையில் போல்ட்டுக் குழிகள் இருக்கின்றன. கூட்டும்போது துடைப்பம் அதில் மாட்டும். வேலை முடிந்து வந்து படியேறும்போது சில நாள் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். நின்று கேட்டால் அது பக்கத்து வீட்டில் துணி துவைக்கிற மெஷினாக இருக்கும். எப்போதும் அதுவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் நிற்காமல் படியேறியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர்வீட்டுப் படியில் ஓர் அம்மா வந்து உட்காருகிறார். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலை. யார் என்று உனக்குத் தெரியும். பேசுவதில்லை, தண்ணீர் கொடுத்தாலும் வாங்குவதில்லை. நம் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்.

ஒன்று கேட்க வேண்டும். திட்டத்தின் நடுப்பக்கத்தில் நான்கு கட்டம் போட்டு பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று பிரித்திருக்கிறாய். ஆபத்து என்கிற கட்டத்தில் முதல் வரி 'துணி திருட்டு'. அதற்குக் கீழே போட்டி. அதற்கும் கீழே மின்வெட்டு. கட்டத்தில் இன்னும் இடம் இருந்தது.

சாப்பாட்டை ஒதுக்காதே. பனியில் தலையை மூடிக்கொள்.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் பதிலில் நீ கட்டத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தபோதுதான் உன் பெயின்ட் கடை அம்மா நேரில் வந்து நின்றார். வெளியே வந்தபின் சொந்த இடத்தில் தொழில் தொடங்கப் போகிறவர்களின் இடத்தை அவரே வந்து பார்ப்பாராம். நீ சொன்ன மாதிரியேதான் இருக்கிறார். படியேறுவதற்குள் தெரு முழுக்கக் கேட்கிற குரலில், "உங்க தம்பிதான் என் வகுப்புல முதல். அவர் பேச ஆரம்பிச்சா, நானே நாலு சட்டைக்கு அளவு குடுத்துடுவேன்!" என்றார்.

டீ குடித்துக்கொண்டே தன்னிடம் படித்து வெளியே வந்தவர்களைப் பற்றிச் சொன்னார். ஒருவர் இஸ்திரி வண்டி போட்டு, இப்போது இரண்டு வண்டி ஓடுகிறதாம். இன்னொருவர் சைக்கிள் ரிப்பேர்க் கடை. அவருக்கு வேலை சுத்தம், ஆனால் யாராவது எவ்வளவு என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, "குடுக்கறதக் குடுங்க" என்பாராம். விலை சொல்ல வைப்பதற்கே இந்த அம்மா அவர் பக்கத்தில் பல நாள் நின்றிருக்கிறார். மூன்றாவது ஆள் பழக்கடை. தினம் காலையில் போன் செய்து, "அம்மா, கடையத் தொறக்கட்டுமா?" என்று கேட்பாராம். உன் கடை, நீ திற என்றால் சரி என்பார். மறுநாள் காலை மறுபடி போன். "தொழில் சொல்லிக் குடுத்துடலாம்ங்க. கதவ அவங்களே தொறக்கலாம்னு சொல்லிக் குடுக்கறதுதான் பெரும்பாடு" என்றார். நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அவர் கவனிக்கவில்லை.

பிறகு கீழே போனோம். நான் ஷட்டரைத் தூக்கினேன். அவர் உள்ளே நடந்து அகலம் பார்த்தார், தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டார், மெஷின்களை ஜன்னல் பக்கம் போடலாமே என்று திரும்பினார். ஜன்னல் இல்லை. அப்புறம் மேலே பார்த்தார். கூரையை யாரும் வெள்ளையடித்திருக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். குரல் சின்னதாகிவிட்டது.

"இங்க என்ன நடந்துச்சு?" என்று கேட்டார்.

அவருக்குத் தெரியாது தம்பி. 'முதல் தொழில் தீ விபத்தால் நின்றது' என்று நீ எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் படித்திருக்கிறார். "உள்ள வந்த காரணத்த நான் யார்கிட்டயும் கேக்கறதில்லங்க. வெளிய போற வழிய மட்டும்தான் பேசுவேன். அது என் வழக்கம்" என்றார். அப்படியானால் நான் சொல்லாமல் இருக்க முடியாது என்று தோன்றியது. சொன்னேன்.

அவசர ஆர்டர், பட்டன் வைக்கிற பெண்ணும் இஸ்திரிக்கார அம்மாவும் ராத்திரி தங்கி வேலை செய்தார்கள் என்று சொன்னேன். துணி திருட்டுப் போகிறது என்று நீ ஷட்டரை வெளியே பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிட வந்தாய் என்று சொன்னேன். இஸ்திரி மேஜைக்குப் பின்னால் வயரில் தீ. பக்கத்து டீக்கடைக்காரர் கம்பியை வைத்து ஷட்டரை நெம்பிப் பார்த்திருக்கிறார், உனக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார். நீ போனை அணைத்து வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாய். உள்ளே இருந்தவர்கள் கடைசிவரை "முதலாளி, முதலாளி" என்றுதான் கூப்பிட்டார்கள் என்று டீக்கடைக்காரர் கோர்ட்டில் சொன்னதையும் சொன்னேன். இதையெல்லாம் சொல்லும்போது நான் அழவில்லை. வேறு யாருடைய வீட்டுக் கதையையோ சொல்வது போல வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போயிற்று.

அவர் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "கேட்டிருக்கணுமோ?" என்றார். என்னைக் கேட்ட மாதிரி இல்லை. பையிலிருந்து உன் திட்டத்தை எடுத்து, அந்த நடுப்பக்கத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். கடைசிப் பக்கத்தையும் பார்த்தார். 'ஆர்டர் அதிகமானால் இரவு வேலை' என்று அங்கே எழுதியிருக்கிறாய். அதை நானும் படித்திருந்தேன். உனக்கு எழுதத்தான் கை வரவில்லை.

அவர் உன்மேல் கோபப்படவில்லை. அதை நீ நம்ப வேண்டும். போகும்போது, "இதுக்கு மார்க் போட்டவ நான்தாங்க. மறுபடி எழுத வைக்கிறேன். அதுவும் என் வேலைதான்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்ட பிறகும் நின்று ஷட்டரையே பார்த்தார். நான் அதை இறக்கும்போது காதைப் பொத்திக்கொண்டார்.

அவர் சொல்வதைக் கேள். உனக்கு நல்லது நினைக்கிறவர்கள் இப்போது எண்ணி எடுக்கிற அளவில்தான் இருக்கிறார்கள்.

நிறத்துக்கு இப்போது என்ன அவசரம்? பிறகு பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வந்து வெகுநாள் ஆகிறது. பெயின்ட் கடை அம்மாதான் போன் செய்து சொன்னார். ஆபத்து என்கிற கட்டத்தை அழித்துவிட்டு, நடந்ததை எழுதிவிட்டு மேலே எழுது என்று அவர் சொன்னதும், நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாயாம். "தண்டனை அனுபவிச்சாச்சு. வகுப்புலயும் தண்டனையா?" என்று கேட்டாயாம். அதற்கப்புறம் வகுப்புக்குப் போகவில்லை. அவர் உன் நாற்காலியை எடுத்துப் போட விடவில்லை, காலியாகவே இருக்கிறது. அதில் யாராவது உட்காரப் போனால், "அது ஆள் உள்ள எடம்" என்கிறாராம்.

நான் உன்னைத் திட்ட எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல எழுதுகிறேன். முழுக்கப் படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

அன்று மழை. மணி அடிக்கிற அம்மா வழக்கம்போல எதிர்ப்படியில் வந்து உட்கார்ந்தார். தலைக்கு மேலே தகரத்திலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது, அவர் நகரவில்லை. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இறங்கிப் போய் ஷட்டரைத் தூக்கி, உள்ளே வந்து நில்லுங்கள் அம்மா என்று கூப்பிட்டேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். எழுந்து வந்தார். வாசலில் நின்று புடவையைப் பிழிந்துவிட்டு, நேராக நடுவில் போய் நின்று சுற்றிப் பார்த்தார். பட்டன் டப்பாக்கள் எந்தப் பக்கம் இருந்தன என்று கேட்டார். காட்டினேன்.

"ஒரு உதவி பண்ணுங்க. நீங்க வெளிய போய் ஷட்டர இறக்குங்க. பூட்ட வேணாம். நான் உள்ளருந்து தட்டறேன். எவ்வளவு தூரத்துக்குக் கேக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

வேண்டாம் அம்மா என்றேன். "எனக்குத் தெரியணும்ங்க" என்றார். அவ்வளவுதான். அதட்டவில்லை, கெஞ்சவில்லை. அப்படிக் கேட்கிற ஒருவருக்கு மாட்டேன் என்று சொல்ல நான் யார்?

இறக்கினேன். அந்த ஷட்டர் இறங்கும்போது போடுகிற சத்தம் உனக்குத் தெரியும். டீக்கடைக்காரர் கையில் இருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டார். கிட்டே வர வேண்டாம் என்று கை காட்டினேன். மழையில் நின்றேன். காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. டீக்கடைக்காரர் என்னைப் பார்க்கிறார், நான் ஷட்டரைப் பார்க்கிறேன். ஈர இரும்பில் காதை வைத்துக் கேட்டேன். மழைச் சத்தம்தான் கேட்டது. உள்ளே யாருமே இல்லை என்கிற மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் ஒரே இழுப்பில் தூக்கிவிட்டேன்.

அவர் ஷட்டரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். கை ஓங்கினபடி அந்தரத்தில் இருந்தது.

ஏன் அம்மா தட்டவில்லை என்று கேட்டேன்.

"கை வரலங்க. நீங்க தொறந்துடுவீங்கன்னு எனக்குத் தெரியுமே. அது தெரிஞ்சுகிட்டு எப்படித் தட்டறது?" என்றார்.

தம்பி, இதை உனக்கு எப்படி எழுதுவது என்று மூன்று நாள் யோசித்தேன். அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன்.

அப்புறம் அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். டீக்கடைக்காரர் இரண்டு கிளாஸ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். முதல் தடவையாக அந்த அம்மா நம் இடத்தில் டீ குடித்தார். மகளைப் பற்றிச் சொன்னார். ரொம்பச் சத்தமாகச் சிரிக்கிற பெண்ணாம். பஸ்ஸில் சிரித்தால் டிரைவர் திரும்பிப் பார்ப்பாராம். யாருக்காவது ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கச் சொன்னால் மிட்டாய் கேட்பாளாம். இஸ்திரிக்கார அம்மாவோடு தினம் சண்டை, தினம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பாடு. போலீஸ் திருப்பிக் கொடுத்த மூட்டையில் உருகி ஒட்டிப்போன பட்டன் கட்டி ஒன்று இருந்தது. இத்தனை நாள் என் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். எடுத்து வந்து கொடுத்தேன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் முடிந்துகொண்டார்.

மறுநாள் வெல்டிங் ஆளைக் கூப்பிட்டு ஷட்டரைக் கழற்றி எடுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது வாசல் திறந்து கிடக்கிறது. அக்கம்பக்கத்தில், "நாய் வந்து படுக்கும்மா" என்கிறார்கள். படுக்கட்டும்.

இது அப்பா நம் இருவருக்கும் விட்டுப்போன கட்டடம். உன் பாதியை நான் பறிக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கீழ்த்தளத்தில் நீ தொழில் செய்ய நான் சம்மதிக்கமாட்டேன். யாருமே அங்கே வேலை செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. நீ கூடாது. வெளியே வந்ததும் மேல்மாடிக்கு வா. உனக்குக் கட்டில் இருக்கிறது, நான் சமைத்துப் போடுவேன், தெருவில் யார் என்ன பேசினாலும் உன்னோடு கடைக்கு நடந்து வருவேன். தொழிலுக்கு வேறு இடம் பார்க்கலாம். தன் கடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது, காற்று வருகிற அறை, ஒரு மெஷின் போடலாம் என்று பெயின்ட் கடை அம்மா சொல்கிறார். ஆனால் முதலில் நீ அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போனால்தான் என்கிறார்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அன்று கிளம்பும்போது மணி அடிக்கிற அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "கோர்ட்டுல வயரப் பத்திக் கேட்டாங்க, பூட்டப் பத்திக் கேட்டாங்க, சாவியப் பத்திக் கேட்டாங்க. எம்பொண்ணப் பத்தி யாரும் கேக்கலங்க. கடைசியா அவளப் பாத்தது உங்க தம்பிதானே? அவர் ஷட்டர இறக்கறப்போ அவ என்ன பண்ணிட்டிருந்தா? சிரிச்சுகிட்டிருந்தாளா? ஏதாச்சும் சொன்னாளா? சாப்பிட்டிருந்தாளா?"

அன்று நீ வீட்டுக்கு வந்து, பசி உயிர் போகிறது என்றாய். குழம்பில் உப்பு தூக்கல் என்றாய். இன்னும் கொஞ்சம் போடு என்றாய். காலையில் சீக்கிரம் எழுப்பு என்றாய். நீ என்னிடம் பேசியது வரிக்கு வரி எனக்கு ஞாபகம் இருக்கிறது, தம்பி. அவள் உன்னிடம் பேசியது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

அதை எழுது. திட்டத்துக்காக வேண்டாம், வகுப்புக்காக வேண்டாம், எனக்காகவும் வேண்டாம். அந்த அம்மாவுக்கு எழுது. அவர் மனம் ஆறட்டும் என்று எதையும் சேர்த்து எழுதாதே. அவள் உன்னைத் திட்டியிருந்தால் திட்டினாள் என்று எழுது. திரும்பியே பார்க்காமல் இறக்கிவிட்டுப் போயிருந்தால், பார்க்கவில்லை என்று எழுது. அதையும் அவர் தாங்குவார். அன்று மழையில் அவர் கையைப் பார்த்தவள் நான் சொல்கிறேன்.

கடிதத்தை என் பெயருக்கு அனுப்பு. பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இதைப் படிக்கிற ஐயாவும் அதில் ஒரு வரியையும் அழிக்காமல் விட வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு எல்லாம் ஞாபகம் வரட்டும்.

உன் அக்கா